பல்லக்காவும் அளவில்லாத லீவும்

பல்லக்காவுக்குக் கோபம் வராது, எரிச்சல்தான் வரும். இரண்டும் வேறு வேறு என்று அவளே சொல்வாள். கோபம் வந்தால் நாலு கத்து கத்திவிட்டு ஓய்ந்துவிடலாம். எரிச்சல் அப்படியில்லை. செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி, நடக்கிற வரைக்கும் கூடவே வரும்.

அவள் வேலை பார்க்கும் கம்பெனி பல் மருத்துவர்களுக்கான மென்பொருள் செய்து விற்கிறது. யாருக்கு எப்போது முறை, எந்தப் பல்லில் என்ன செய்தாகிவிட்டது, அடுத்து எப்போது வர வேண்டும் எல்லாம் அதில்தான். நோயாளி வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருக்கும் நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் உறைந்து நிற்கும். டாக்டர் ஒரு கையில் கருவியும் மறு கையில் போனுமாகக் கத்துவார். அந்தக் கத்தலைக் காதில் வாங்கிக்கொண்டு, "டாக்டர், மொதல்ல அந்த நீல பட்டனை விட்டுட்டுக் கையை எடுங்க" என்று நிதானமாகச் சொல்வதுதான் இவள் வேலை. நாளடைவில் டாக்டர்கள் எல்லாம், "அந்த அக்காகிட்ட குடுங்க" என்றே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பல் டாக்டர்களின் அக்கா, பல்லக்கா ஆனாள். யாரோ ஒருவன் அதைப் 'பல்லக்கு' என்று நீட்டிப் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் அது அன்றோடு நின்றது.

அவள் அங்கே சேர்ந்த கதையும் அப்படித்தான். முன்பு ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தாள். இதே மென்பொருள் அங்கே ஓடியது. ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். அவள் போன் போட்டுப் போட்டுத் திட்டிய திட்டில், இவ்வளவு நன்றாகத் திட்டத் தெரிந்தவருக்குத் திட்டு வாங்கவும் தெரிந்திருக்கும் என்று கம்பெனியே அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் கம்பெனி நடந்த காலம் அது. ஆண்டுக்கு இத்தனை நாள் லீவு என்று ஒரு கணக்கு இருந்தது. "நாளைக்கு வரமாட்டேன்" என்றால் "சரிக்கா" என்பார்கள். எடுக்காத நாட்கள் அடுத்த ஆண்டுக்குச் சேரும். பேச்சு அத்தோடு முடிந்தது.

பிறகு கம்பெனி வளர்ந்தது. கண்ணாடிக் கட்டடத்துக்கு மாறியது. சுவர்களில் எல்லாம் 'நாம் ஒரு குடும்பம்' என்ற மாதிரி வாசகங்கள் ஏறின. நிறுவனர் தன் அறையில் இருந்த மேசை நாற்காலிகளைத் தூக்கி வெளியே போட்டுவிட்டுத் தரையில் பெரிய பெரிய மெத்தைகளைப் போட்டார். மேசை மனிதர்களைப் பிரிக்கிறதாம். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'மெத்தை' என்று பெயர் வந்ததற்கு அதுதான் காரணம். நேரில் அவரை சார் என்று கூப்பிடக் கூடாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு. முதலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் நாக்கு வரவில்லை. சார் என்று சொல்லவும் வழியில்லை. ஆகவே அவரிடம் பேச வேண்டியவர்கள் எல்லாரும் அவர் தற்செயலாகத் திரும்புகிற வரைக்கும் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார்கள்.

பண்பாட்டுக்கு என்று தனியாக ஓர் அதிகாரியும் வந்தாள். கல்ச்சர் மேடம் என்றார்கள். நல்ல பெண்தான். எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, முழுக்க முழுக்கக் கேட்பாள். கேட்டு முடித்த பிறகு, நாம் என்ன சொன்னோம் என்பதே நமக்கு மறந்துபோகும்.

அவள்தான் ஒரு மத்தியானம் எல்லாரையும் கூப்பிட்டு, கேக் வெட்டி, அந்தச் செய்தியைச் சொன்னாள். இனிமேல் லீவுக்குக் கணக்கே கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கைதட்டல் ஓய நேரமாயிற்று. ஓய்ந்ததும் பல்லக்கா கையைத் தூக்கினாள்.

"அப்போ நாங்க இதுவரைக்கும் எடுக்காம சேத்து வச்சிருந்த லீவு என்ன ஆகும்?"

மெத்தை சிரித்தார். "கடலையே குடுத்திருக்கோம். நீங்க குடத்தைப் பத்திக் கேக்கறீங்களே."

எல்லாரும் சிரித்தார்கள். பல்லக்காவும் கேக்கைத் தின்றாள். ஆனால் அவளுடைய குடம் சின்னக் குடமில்லை. அக்காவின் முழங்கால் ஆபரேஷனுக்கு என்று ஆண்டுக்கணக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தது. பழைய கணக்கோடு அதுவும் போயிற்று.

அக்கா அவளைவிட எட்டு வயது மூத்தவள். காலையில் ரயில் ஏறினால் சாயங்காலம் போய்ச் சேருகிற தூரத்தில், தனியாக இருக்கிறாள். தபால் ஆபீஸ் கவுண்டரில் காலமெல்லாம் உட்கார்ந்து, "அடுத்த ஆள் வாங்க" என்று சொல்லிப் பழகியவள். யாரிடமும் எதுவும் கேட்க மாட்டாள். பல்லக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு வந்து, துணி துவைத்து, குழந்தையைத் தூங்கவைத்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் கிளம்பிப் போனவள். அப்படிப்பட்டவள் போனில், "ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிட்டாங்க. ஒரு ரெண்டு வாரம் நீ வந்து இருக்க முடியுமா" என்று கேட்டாள். முடியாது என்றால் பரவாயில்லை என்ற வால் அதில் இல்லை. அது இல்லாததிலேயே வலி எவ்வளவு என்று பல்லக்காவுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் மேனேஜரிடம் போனாள். மேனேஜர் அவளைவிட வயதில் சின்னவன். எப்போதும் தூக்கம் போதாதவன் மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டே பேசுவான்.

"ரெண்டு வாரம் லீவு வேணும்."

"எதுக்குக்கா எங்கிட்ட கேக்கறீங்க? நம்ம கம்பெனில அனுமதியே கிடையாதே."

"அனுமதி கிடையாதா?"

"அய்யோ, அப்படியில்ல. அனுமதி கேக்கவே வேண்டாம்னு சொல்றேன். நீங்களே எடுத்துக்கலாம்."

"சரி, அப்போ எடுத்துக்கறேன்."

"ரெண்டு வாரம்" என்று அவன் மெதுவாகத் திருப்பிச் சொன்னான், ஏதோ வெளிநாட்டுச் சொல்லை உச்சரித்துப் பார்ப்பவன் மாதிரி. "தாராளமா எடுத்துக்கோங்க. டீம்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவங்களுக்குச் சரின்னா எனக்கு டபுள் சரி."

டீமின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள். எழுதிய கையோடு இதயங்களாக வந்து குவிந்தன. குடும்பம்தான் முக்கியம் என்றார்கள். கவலைப்படாமல் போய்விட்டு வாருங்கள் என்றார்கள். அதன் பிறகு ஒவ்வொருவராகத் தனியே வந்தார்கள். காபி மிஷின் பக்கத்தில் ஒருத்தி, "நீங்க போறது சந்தோஷம்தான்கா. அந்த நேரத்துலதான் புது வெர்ஷன் வருது. நாங்க எப்படியாவது சமாளிச்சுக்கறோம்" என்றாள். அந்த 'எப்படியாவது'வை அவள் இழுத்த இழுப்பில் காபியே ஆறிப்போனது. லிஃப்டில் இன்னொருவன், யாரும் கேட்காமலே, "என் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் அரை நாள்தான்கா எடுத்தேன்" என்று கூரையைப் பார்த்துச் சொன்னான்.

பல்லக்கா கல்ச்சர் மேடத்திடம் போனாள்.

"மேடம், எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா போதும். எத்தனை நாள் எடுக்கலாம்?"

மேடம் தலையைச் சாய்த்தாள். "உங்க மனசு என்ன சொல்லுது?"

"ரெண்டு வாரம்னு சொல்லுது."

"டீமோட மனசு?"

"அது வேற என்னவோ சொல்லுது."

"ரெண்டு மனசையும் ஒண்ணா உக்கார வச்சுப் பேசிப் பாருங்களேன்."

உட்கார வைக்க எந்த மீட்டிங் ரூமைப் பிடிப்பது என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டாள். கடைசியாக மெத்தையின் அறைதான் மிச்சம். அங்கே போய்ச் செருமிவிட்டு நின்றாள். அவர் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதைவிட உள்ளே போனாள் என்பதுதான் சரி. முழங்கால் இரண்டும் தாடைக்கு நேராக வந்துவிட்டன. அந்த நிலையில் எவ்வளவு நியாயமான விஷயத்தையும் அழுத்திச் சொல்ல முடியாது.

"அக்காவைப் பாத்துக்கறது பெரிய விஷயம்" என்றார் அவர். அவர் கண்கள் உண்மையாகவே கனிந்திருந்தன. "நான் லீவு எடுத்து நாலு வருஷமாச்சு தெரியுமா? எடுக்கணும்னே தோணல. பிடிச்ச வேலையைச் செய்யறவனுக்கு எல்லா நாளும் லீவுதானே. ஆனா நீங்க கண்டிப்பா போயிட்டு வாங்க. என்னை ஒரு அளவுகோலா எடுத்துக்காதீங்க."

நன்றி சொல்லி எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அந்தக் கையைப் பிடித்து எழுந்ததில் அவளுக்கு ஏற்பட்ட எரிச்சல் வீடு போய்ச் சேரும் வரை அடங்கவில்லை.

வீட்டில் புருஷன் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் வாரியத்தில் பம்ப் மெக்கானிக். மகன் விடுதியில் தங்கிப் படிப்பதால் வீட்டில் இவர்கள் இருவர்தான்.

"லீவு கேட்டியே, முடியாதுன்னு சொன்னாங்களா?"

"இல்ல."

"சரின்னு சொன்னாங்களா?"

"எல்லாருமே சொன்னாங்க."

"அப்புறம் என்ன?"

"அதாங்க எனக்கும் புரியல."

அவர் இன்னொரு ஷூவையும் கழற்றி வைத்தார். "எங்க சூப்பரவைசர் சரியான முசுடு. லீவு லெட்டரை மூஞ்சில விட்டெறிவான். ஆனா கையெழுத்துப் போட்டுட்டுத்தான் எறிவான்" என்றார்.

பல்லக்கா கிளம்பினாள். லேப்டாப்பையும் பையில் வைத்தாள். சும்மா கூட இருக்கட்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ரயில் நகர்ந்து நாலு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் முதல் போன் வந்தது. "லீவுல தொந்தரவு பண்றோம், மன்னிச்சுக்கோங்கக்கா. ஒரே ஒரு நிமிஷம்."

அந்த ஒரே ஒரு நிமிஷம் அதன் பிறகு பல வேஷங்களில் வந்தது. ஆபரேஷன் அன்று காலை, தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டாக்டரின் அழைப்பைச் சமாளித்தாள். அவளைத் தவிர யாரிடமும் பேசமாட்டேன் என்று அடம்பிடித்த டாக்டர். "எங்கம்மா இருக்கே, ஒரே சத்தமா இருக்கு" என்று அவர் கேட்டார். "ஆஸ்பத்திரில டாக்டர்" என்றாள். "நானும் ஆஸ்பத்திரிலதான்மா இருக்கேன், சீக்கிரம் சொல்லு" என்றார் அவர். அக்காவை ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுவந்தபோது பல்லக்கா ஒரு கையால் அக்காவின் போர்வையை இழுத்துவிட்டாள். மறு கையில் போன். மயக்கம் தெளியாத அக்கா அவளை ஒரு நொடி பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதே கதை. புது வெர்ஷன் வெளியாகியிருந்தது, டாக்டர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். தினமும் ஒரு மீட்டிங். "நீங்க பேச வேண்டாம்கா, சும்மா கேட்டுட்டு இருந்தா போதும், கேமராவை மட்டும் ஆன் பண்ணிக்கோங்க, ஒரு குடும்பமா இருக்கற மாதிரி இருக்கும்" என்றான் மேனேஜர். சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்து, காய் நறுக்கிக்கொண்டே குடும்பமாக இருந்தாள்.

அப்படி ஒரு மீட்டிங்கின் நடுவில்தான் அக்கா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். பாத்ரூம் போக வேண்டும். வாக்கரைப் பிடித்து நடக்கலாம், ஆனால் ஒருவர் கூடவே வர வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"ஒரு நிமிஷம் அக்கா."

மேனேஜர் அவளிடம்தான் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். அவள் பதில் சொன்னாள். அவன் இன்னொன்று கேட்டான். அக்கா மறுபடி கூப்பிட்டாள்.

"இதோ வந்துட்டேன், ஒரே ஒரு நிமிஷம்."

அக்கா மூன்றாவது முறை கூப்பிடவில்லை. வாக்கர் தரையில் மோதிய சத்தம்தான் வந்தது. அதன் பின்னாலேயே ஆள் விழுகிற சத்தம்.

பல்லக்கா ஓடினாள். அக்கா நடைவழியில் சுவரில் முதுகைச் சாய்த்து, ஆபரேஷன் செய்த காலை நீட்டியபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. புடவை நனைந்திருந்தது. வாக்கர் ஒரு பக்கம் கவிழ்ந்து கிடந்தது. அவள் அழவில்லை, தங்கையைப் பார்க்கவும் இல்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் ஒருவரிடமும் எதுவும் கேட்காதவள், கேட்ட ஒரு தரம் இப்படி ஆயிற்று.

சமையலறையிலிருந்து மேனேஜரின் குரல் கேட்டது. "அக்கா, ஏதோ சத்தம் கேட்டுதே. எல்லாம் ஓகேவா?" சற்று இடைவெளி. "ஓகேன்னா நாம அடுத்த ஸ்லைடுக்குப் போயிடலாமா?"

பல்லக்கா சமையலறைக்குப் போய் லேப்டாப்பைப் படாரென்று மூடினாள். திரும்பி வந்து அக்காவின் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள், முடியவில்லை. மாடி வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, இருவருமாகத் தூக்கி, உடை மாற்றி, கட்டிலில் படுக்கவைத்தார்கள். டாக்டர் வந்து பார்த்தார். தையல் பிரியவில்லை, முட்டிக்கு ஒன்றுமில்லை, மணிக்கட்டில்தான் வீக்கம் என்றார். டாக்டர் போன பிறகு அக்கா வாயைத் திறந்தாள்.

"நான் ஒரு நர்ஸை வச்சுக்கறேன். நீ ஊருக்குக் கெளம்பு."

"அக்கா..."

"கோவத்துல சொல்லல. நீ இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல. எனக்கு உன்னைப் பாக்கப் பாவமா இருக்கு. நான் உன் வீட்டுக்கு வந்தேனே ஒரு மாசம், என் ஆபீஸ்லேருந்து ஒரு தந்தி வந்துதா?"

பல்லக்கா போனை எடுத்து அணைத்தாள். லேப்டாப்பையும் அதையும் சேர்த்து அக்காவின் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியை அக்காவிடம் நீட்டினாள்.

"இந்தா. நானே வந்து கேட்டாலும் குடுக்காத."

"நான் என்ன உனக்கு வாட்ச்மேனா" என்றாள் அக்கா. ஆனாலும் சாவியை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். புருஷன் மட்டும் அக்காவின் போனில் தினமும் ஒரு முறை பேசினார். மிச்ச நாட்கள் முழுவதும் அவள் அங்கேயே இருந்தாள். நடைவழியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அக்காவை நடத்தினாள். துண்டை எப்படி மடிப்பது என்பதில் தொடங்கிப் பழைய சண்டைகள் எல்லாவற்றையும் இருவரும் ஒரு சுற்று போட்டு முடித்தார்கள்.

திரும்பி வந்தபோது அவள் நாற்காலியில் பலூன் கட்டியிருந்தது. யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எல்லாரும் அக்காவின் உடம்பைப் பற்றி விசாரித்தார்கள். இது என்னடா இது, சும்மா பயந்தோமே என்றுகூட நினைத்தாள். ஆண்டு இறுதியில் அவளுடைய வேலையை மதிப்பிடக் கல்ச்சர் மேடம் உட்கார்ந்தபோதுதான் விஷயம் வந்தது. எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். 'குழு உணர்வு' என்ற இடத்தில் மட்டும் பாதாளம்.

"லீவுல இருக்கும்போது தொடர்புல இல்லைன்னு சிலர் உணர்ந்திருக்காங்க" என்றாள் மேடம், மிக மென்மையாக.

"லீவுன்னா அதானே மேடம்?"

"நிச்சயமா. லீவுல யாரும் தொடர்புல இருக்கணும்னு நாங்க எதிர்பாக்கறதே இல்ல."

"அப்புறம் எதுக்கு மார்க்கைக் குறைச்சீங்க?"

"அது எதிர்பார்ப்பு இல்லக்கா. உணர்வு."

பல்லக்கா எழுந்து வெளியே வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி தண்ணீர் குடித்தாள்.

அடுத்த வாரம் கம்பெனி முழுவதும் கூடும் கூட்டம். மெத்தை மேடையில் ஏறினார். பின்னால் திரையில் ஒரு கோடு மேலிருந்து கீழே சரிந்து கிடந்தது. "இது என்ன தெரியுதா?" என்று கேட்டார். "லீவுக்குக் கணக்கில்லைன்னு சொன்னோம். எல்லாரும் ஆபீஸ் பக்கமே வரமாட்டாங்கன்னு என்னைப் பயமுறுத்தினாங்க. நடந்தது என்ன? முன்னாடி எடுத்ததுல பாதிகூட இப்ப யாரும் எடுக்கறதில்ல. அவ்வளவு பிடிச்சுப்போய் வேலை செய்யறீங்க. எனக்குப் பெருமையா இருக்கு."

கைதட்டினார்கள். பல்லக்காவின் கையும் பழக்கத்தில் தட்டுவதற்காக எழும்பியது. பாதியில் அதைப் பார்த்தாள். அப்படியே இன்னும் மேலே தூக்கினாள். மைக் வந்தது.

"எனக்கு அளவில்லாத லீவு வேண்டாம். அளவோட லீவு குடுங்க."

மெத்தை சிரித்தார். "உங்களுக்கு எத்தனை நாள் வேணும், சொல்லுங்கக்கா. எடுத்துக்கோங்க."

"அதை நீங்க சொல்லுங்க."

"நாங்க ஏன் உங்களுக்கு அளவு போடணும்?"

"போடலன்னா நாங்களே போட்டுக்கறோமே, அதனால. பக்கத்து சீட்டு எவ்வளவு எடுக்குதுன்னு பாத்து அதைவிட ஒரு நாள் குறைச்சலா எடுக்கறோம். அந்தச் சீட்டு எங்களைப் பாத்து இன்னும் ஒரு நாள் குறைக்குது. உங்க கோடு அதனாலதான் இறங்குது. பிடிச்சுப்போய் இல்ல." அவள் குரல் உயரவில்லை, கத்துகிற டாக்டரிடம் பேசும் அதே நிதானம்தான். "முன்னாடி நீங்க முடியாதுன்னு சொல்லலாம், சரின்னு சொல்லலாம். சரின்னா நான் நிம்மதியா போவேன். இப்ப நீங்க ரெண்டும் சொல்றதில்ல. எங்க அக்கா கூப்பிட்டுப் பாத்துட்டுத் தனியா எழுந்து விழுந்தப்போ நான் மீட்டிங்ல ஸ்லைடு பாத்துட்டு இருந்தேன்."

மெத்தையின் முகத்தில் உண்மையான குழப்பம். கல்ச்சர் மேடம் தலையைச் சாய்க்க மறந்து நின்றாள். இனி வேறு வேலை தேட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு பல்லக்கா மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள்.

அதை வாங்கியவன் மேனேஜர்.

"அந்த ஸ்லைடைக் காட்டினது நான்தான்" என்றான். கண்ணைக் கசக்கினான். "அன்னிக்கு எங்கப்பாவுக்குக் கண்ணுல கட்டுப் பிரிச்சாங்க. நான் ஆஸ்பத்திரிக்கு வெளியில கார்ல உக்காந்துதான் அந்த மீட்டிங்கை நடத்தினேன். அவர் கண்ணைத் தொறந்ததும் என்னைத் தேடியிருக்காரு. எனக்கு அங்க ஏதோ விழுந்த சத்தம் நல்லாவே கேட்டுது. கேட்டும் நான் அடுத்த ஸ்லைடுன்னு சொன்னேன். அதை நெனைச்சா..." மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "எனக்கும் அளவு வேணும். அவ்வளவுதான்."

பிறகு ஒவ்வொரு பக்கமாகக் கைகள் எழுந்தன. தங்கை கல்யாணத்துக்கு அரை நாள் எடுத்தவன் எழுந்து, தாலி கட்டும்போது தான் போனில் இருந்ததைச் சொன்னான். பல்லக்காவுக்கு அவன் மேல் இத்தனை நாள் இருந்த கடுப்பு முழுவதுமாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் குறைந்தது.

மெத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனிதர் நடிக்கவில்லை. அதுதான் பல்லக்காவுக்கு இன்னும் தாங்க முடியாததாக இருந்தது; கெட்டவராக இருந்திருந்தால் வீட்டுக்குப் போய் ஆற அமரத் திட்டியிருக்கலாம். "இதை உடனே சரிபண்றோம்" என்றார் அவர். உடனே என்றால், அதை ஆராய ஒரு குழு. குழுவுக்குத் தலைவி பல்லக்கா. அந்தக் குழு வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில், எல்லாரும் வீட்டுக்குப் போகிற நேரத்துக்குத்தான் கூடியது. லீவு என்ற சொல்லுக்கு எல்லாருக்கும் பொதுவான பொருள் என்ன என்று பேசுவதிலேயே பல வெள்ளிக்கிழமைகள் போயின. "எல்லாருக்கும் லீவு வாங்கித் தர்றதுக்குள்ள உனக்கு லீவே இல்லாம போயிடும் போலிருக்கே" என்றார் புருஷன்.

ஒரு வழியாக ஓர் எண் வந்தது. ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இத்தனை நாள் கட்டாயம் எடுக்க வேண்டும். அந்த நாட்களில் யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. ஏறக்குறைய சைக்கிள் கடை மாடியில் இருந்த அதே எண். சில மாதங்களில் மெத்தை எங்கோ ஒரு மாநாட்டில் மேடையேறி, "ஒரு நாள் எனக்கு இது திடீர்னு உறைச்சுது" என்று தொடங்கி அதைப் பற்றிப் பேசினார். கம்பெனியில் எல்லாருக்கும் அந்த வீடியோவை அனுப்பினார்கள். பல்லக்கா பாதி வரை பார்த்தாள். மேனேஜர் அந்த வாரம் அப்பாவை அழைத்துக்கொண்டு கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போயிருந்தான். அவனுக்கு வந்த அழைப்புகளை எல்லாம் அவள்தான் வாங்கினாள், ஒன்றையும் அவனுக்கு அனுப்பவில்லை.

அவளுடைய முறை வந்தபோது நேராக ரயில் ஏறினாள். அக்கா கதவைத் திறந்தாள். கைத்தடிகூட இல்லாமல் நின்றாள்.

"என்ன திடீர்னு? எனக்கு ஒண்ணுமில்லையே."

"சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா? வேலையை விட்டுட்டியா?"

"இல்லக்கா. லீவு."

"வீட்டுல சண்டையா?"

"ஒண்ணுமில்ல. வெறும் லீவு."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பின மாதிரி தெரியவில்லை. பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, மடக்கு ஏணியைச் சுவரோடு சாய்த்து நிறுத்தினாள்.

"வந்தது வந்துட்ட. எனக்கு இன்னும் ஏற முடியல. பரண்ல பாரு, இடது பக்கம் ஒரு பெரிய டப்பா இருக்கும். அதில்ல, அதுக்குப் பின்னாடி. பாத்து, மேல ஒட்டடை."